ஷி ட்சுவா, ஷ்னாசரா, பூடிலா? வீவக வீட்டுக்குள் நுழையும் நாய்

கோர்கி ஆசையோடு வருகிறவர்களிடம் முதலில் சொல்லிவிடுகிறேன்: நடக்காது. சிங்கப்பூரின் வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டில் அனுமதிக்கப்பட்ட சிறிய இன நாய் ஒன்றை மட்டுமே வளர்க்கலாம். பட்டியலில் 62 இனங்கள் இருந்தாலும் கோர்கி, பீகிள், பிரெஞ்சு புல்டாக் மூன்றுக்கும் அதில் இடமில்லை. மீறினால் 4,000 வெள்ளி வரை அபராதம் விழும்.

62 இருந்தென்ன, நம் ஆட்கள் சுற்றிச் சுற்றி வந்து நிற்பது ஷி ட்சு, மினியேச்சர் ஷ்னாசர், டாய் பூடில் மூன்றில்தான். காரணம் முடி. சாமி மாடத்திலும் காயப்போட்ட வேட்டியிலும் நாய் முடி ஒட்டினால் எந்த அம்மா பொறுப்பார்? மூன்றும் அதிகம் உதிர்க்காதவை. அதனாலேயே முடி வளர்ந்துகொண்டே இருக்கும். மாதத்துக்கு ஒருமுறையாவது வெட்டிவிடவேண்டும். இந்தச் செலவில் மூன்றும் ஒன்றுதான்.

வித்தியாசம் தெரிவது வெயிலில். நாய் நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்த்துக் குளிர்வதில்லை, மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தள்ளும். மூக்கு தட்டையான ஷி ட்சுவுக்கு அந்த மூச்சே சிரமம். காற்றிலும் ஈரம் என்றால் கேட்கவே வேண்டாம். என் அக்கா வீட்டு ஷி ட்சு மத்தியானமானால் குளியலறை வாசல் தரையில் நான்கு காலையும் தவளைபோல் விரித்து, வயிற்றை ஒட்டவைத்துப் படுத்துவிடும். கூப்பிட்டால் வால் நுனி மட்டும் ஆடும். நடை காலை 7 மணிக்கு முன், இல்லையென்றால் இருட்டிய பிறகு. ஆனால் ஒன்று, அது குரைத்து நான் கேட்டது அபூர்வம். பக்கத்து வீட்டோடு சண்டை வேண்டாம், வீட்டில் பாட்டியோ தாத்தாவோ பகலெல்லாம் இருக்கிறார் என்றால் இதை விஞ்ச ஆளில்லை.

ஷ்னாசருக்கு மூக்கு நீளம், வெயிலைச் சற்றுத் தாங்கும். அதற்கு வாயும் நீளம்! ஜெர்மனியின் பண்ணைகளில் எலி பிடிக்கவும் காவலுக்கும் வளர்ந்த ரத்தம். தாழ்வாரத்தில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் தகவல் சொல்லிவிட்டுத்தான் ஓயும். மூலை வீடு என்றால் தப்பித்தீர்கள். மின்தூக்கிக்கு எதிர்வீடு என்றால் யோசியுங்கள். இன்னொன்று, நம் சமையலறை. இந்த இனத்துக்கு ரத்தத்தில் கொழுப்பு ஏறுவதும் கணைய அழற்சி வருவதும் அதிகம். 'பாவம், பார்த்துக்கொண்டே இருக்குதே' என்று மேசைக்கடியில் நீளும் ஆட்டுக்கறித் துண்டும் நெய்ச்சோறும் நேராகக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய் விடும். வெங்காயம், பூண்டு, பாயசத்து உலர்திராட்சை மூன்றும் எந்த நாய்க்குமே நஞ்சு. குழம்புச் சோறு போடுகிற கை வீட்டில் இருந்தால், அந்தக் கையைத் திருத்திவிட்டு நாய் வாங்குங்கள்.

பூடில் பற்றி நான் நடுநிலையாக எழுத முடியாது, என் வீட்டில் இருப்பது அதுதான். மூன்றில் புத்திசாலி. 'உட்கார்' என்பதை ஒரே மாலையில் கற்றுக்கொண்டது. அதே மூளை தனியாக விட்டால் எதிரியாகிவிடுகிறது. முதல் மாதம் கணவரும் நானும் காலை 8 மணிக்குக் கிளம்பி மாலை 7க்குத் திரும்பினோம். ஒருநாள் கதவைத் திறந்தால் கூடம் முழுக்கப் பஞ்சு. சோபா மெத்தையின் ஒரு மூலையே காணோம். நாய் நடுவில் உட்கார்ந்து வாலாட்டுகிறது. தப்பு எங்களுடையது. இப்போது வாரத்தில் மூன்று நாள் யாராவது ஒருவர் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறோம், மற்ற நாள்களில் மாமியார் வந்துவிடுகிறார். காதையும் பார்த்துக்கொள்ளவேண்டும்: தொங்கும் காது, உள்ளே முடி, இந்த ஊர் ஈரம். குளிப்பாட்டியபின் துடைக்காமல் விட்டால் புண்ணாகி நாறும்.

பொமரேனியன் கேட்பவர்களுக்கு: அடர்ந்த இரட்டை முடி, உதிரும், குரைக்கும். அழகுதான், வேறென்ன சொல்ல?

பட்டாசு பயம் இங்கே இல்லை, 1972இலேயே தடை வந்துவிட்டது. இடிக்குத்தான் மூன்றும் நடுங்கும், அதற்கோ இந்த ஊரில் பஞ்சமே இல்லை.

பகலில் வீடு பூட்டியே கிடக்குமா? மூன்றுமே வேண்டாம். ஆள் உண்டு, அக்கம்பக்கம் கடுகடு என்றால் ஷி ட்சு. ஓடியாடும் பிள்ளைகள் இருந்தால் ஷ்னாசர். பழக்கிவிடப் பொறுமை இருந்தால் பூடில். எதுவானாலும் கருத்தடை செய்துவிடுங்கள்: செய்த நாய்க்கு ஆண்டு உரிமம் 15 வெள்ளி, செய்யாததற்கு 90.

கடைக்குப் போகுமுன் காப்பகம் ஒன்றை எட்டிப் பாருங்கள். 'சிங்கப்பூர் ஸ்பெஷல்' என்று செல்லமாக அழைக்கப்படும் உள்ளூர்க் கலப்பினத்தை, காப்பக நாய்களைத் தத்துக்கொடுக்கும் அடோர் திட்டத்தின்கீழ் வீவக வீட்டுக்கும் கொண்டுவரலாம். உயர வரம்பு 55 சென்டிமீட்டர், பயிற்சி வகுப்பு கட்டாயம். எங்கள் புளோக் மூன்றாம் மாடியில் ஒன்று இருக்கிறது. மத்தியான வெயிலில் சந்தைக்குப் போய் வருகிறது, மூச்சுக்கூட வாங்குவதில்லை.