பீடோங் வெயிலில் இஞ்சி பீர்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

வீட்டிலேயே பீர் காய்ச்ச ஆசைப்படும் தம்பிகள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "எந்த கிட் வாங்கலாம் அண்ணே?" என்பதுதான். கிட் வேண்டாம், இஞ்சியும் சீனியும் புளித்து நுரைக்கும் இஞ்சி பீரில் தொடங்குங்கள் என்பேன். உரிமம் இல்லாமல் பீர் காய்ச்ச மலேசியாவின் 1976ஆம் ஆண்டு கலால் சட்டம் இடம் கொடுக்காது. வெயிலையும் பார்க்க வேண்டும். ஏல் வகை பீருக்கான ஈஸ்ட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு 18 முதல் 22 டிகிரி வேண்டும். இங்கே கெடா மாநிலத்துப் பீடோங்கில் சமையலறையில் பகலில் 30ஐத் தாண்டுகிறது. அந்தச் சூட்டில் புளித்த பீரில் தொண்டையைப் பிடிக்கும் காட்டம் ஏறிவிடும். இஞ்சி பீருக்கு அந்தத் தொல்லை இல்லை, புளிக்க வைப்பதன் அடிப்படையும் அதிலேயே கைவந்துவிடும்.

முதலில் ஊறல். அகன்ற வாய்க் கண்ணாடி ஜாடியில் அரை லிட்டர் தண்ணீர், தோலோடு துருவிய இஞ்சி ஒரு கரண்டி, சீனி ஒரு கரண்டி. தினமும் அதே அளவு இஞ்சியும் சீனியும் சேர்த்துக் கிளறி, துணியால் மூடி வைக்க வேண்டும். இஞ்சித் தோலில் இருக்கும் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும்தான் வேலை செய்கின்றன, அதனால் தோலைச் சீவக் கூடாது. குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றி ஊற்றுவது நல்லது, குளோரின் போய்விடும். குளிர்நாட்டுக் குறிப்புகள் ஒரு வாரம் காத்திருக்கச் சொல்லும். இங்கே மூன்று நான்கு நாளிலேயே நுரை கட்டிவிடுகிறது. பகாங் மாநிலத்துப் பெந்தோங் இஞ்சி விலை கூடுதல்தான், ஆனால் அதன் காரமும் மணமும் வேறு எதிலும் வருவதில்லை. கழுவிப் பளபளப்பாக வரும் இறக்குமதி இஞ்சியில் ஊறல் பல தடவை சோம்பியே கிடந்தது.

இரண்டு லிட்டர் பீருக்கு 150 கிராம் இஞ்சி, 200 கிராம் சீனி. பாதித் தண்ணீரில் கொதிக்க வைத்து, மீதித் தண்ணீரைக் குளிர்ச்சியாக ஊற்றி, கை பொறுக்கும் சூட்டுக்கும் கீழே வந்த பிறகு வடிகட்டிய ஊறல் அரை கப், கஸ்தூரி எலுமிச்சைச் சாறு சேர்த்துப் போத்தலில் அடைப்பேன்.

நீங்கள் கவனமாக இருக்க வேண்டிய இடம் இதுதான். ஒரு லிட்டரில் சுமார் 15 கிராம் சீனி புளித்தாலே சோடா அளவுக்கு வாயு சேர்ந்துவிடும். அப்போது ஆல்கஹால் ஒரு சதவீதத்துக்கும் கீழேதான். ஆனால் போத்தலில் லிட்டருக்கு 100 கிராம் இருக்கிறது. அத்தனையும் புளித்தால் பீரைப் போல ஐந்தாறு சதவீதம் ஏறிவிடும், அதற்கு வெகு முன்பே கண்ணாடி வெடித்துவிடும். அதனால் ஒவ்வொரு முறையும் ஒரு பிளாஸ்டிக் சோடா போத்தலிலும் கொஞ்சம் ஊற்றி வைக்கிறேன். அது அழுத்திப் பார்த்தால் கல்லாக இருக்கிறதா, உடனே எல்லாப் போத்தலும் ஐஸ்பெட்டிக்குள் போக வேண்டும். நம் வெயிலில் அது ஒரு நாளில் வந்துவிடும், மழைக்காலத்தில் இரண்டு நாள். குளிரில் ஈஸ்ட் அடங்குமே தவிர சாகாது, எனவே ஒரு வாரத்துக்குள் குடித்துவிடுங்கள்.

வாங்கிய பொருட்களில் இத்தனை வருடம் உழைத்தது கம்பிப் பூட்டு வைத்த உருண்டைப் போத்தல்கள். ரப்பர் வளையம் மட்டும் காய்ந்து வெடிக்கும், மாற்றிக்கொள்ளலாம். அலங்காரக் கடைச் சதுரப் போத்தல்களைத் தொடவே தொடாதீர்கள், அவை அழுத்தம் தாங்காது. திரவத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் இருந்தால் நல்லது. 1.038 பக்கம் தொடங்கி 1.032 பக்கம் வரும்போது நிறுத்தலாம். 20 டிகிரிக்கு அளந்த கருவி நம் சூட்டில் 0.002 போலக் குறைத்தே காட்டும், அதைக் கூட்டிக்கொள்ளுங்கள். காற்றுப்பூட்டு, வடிகுழாய் எல்லாம் இதற்கு வேண்டாம்.

இந்த வட்டாரத்தில் புளித்த பானம் என்றாலே பெரியவர்கள் முகம் மாறும். 1946, 47இல் இங்குள்ள ஹார்வர்ட் ரப்பர் தோட்டத்துத் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளை மூடச் சொல்லி மறியல் செய்த மண் இது. கூலிக்காசு கள்ளில் கரைந்ததைப் பார்த்தவர்களின் கோபம் நியாயமானது. அதனால் யாருக்குக் கொடுத்தாலும் இது புளிக்க வைத்தது, இதில் கொஞ்சம் ஆல்கஹால் உண்டு என்று சொல்லித்தான் கொடுக்கிறேன். முஸ்லிம் நண்பர்களுக்கும் பிள்ளைகளுக்கும் இதைத் தராமல், அதே இஞ்சிச் சாற்றைப் புளிக்க வைக்காமல் சோடா கலந்து தருகிறேன்.

இனிப்பு நீர் (நீரிழிவு) உள்ள வீடுகளில் இன்னொரு கவனம் தேவை. நுரை வந்த பிறகும் லிட்டருக்கு 85 கிராம் சீனி மிச்சம் இருக்கும், ஒரு கிளாஸில் 20 கிராமுக்கு மேல். சீனியைப் பாதியாகக் குறைத்தாலும் வாயு நன்றாகவே வருகிறது. இப்போது எங்கள் வீட்டில் அந்த அளவுதான்.