சர்க்கரை இல்லாத ரிப்ஸ்: எரித்ரிட்டாலா, அலுலோஸா, கடைப் பாட்டிலா?

அமெரிக்காவின் கான்சஸ் சிட்டிப் பக்கம் பார்பிக்யூ என்றால் தக்காளியும் மொலாசஸும் (கருப்பான கரும்புப் பாகு) சேர்ந்து கெட்டியாகப் பளபளக்கும் இனிப்புச் சாஸ்தான். மணிக்கணக்கில் மெல்ல வேகவைக்கும் மின்பானையான ஸ்லோ குக்கரும் ஏறக்குறைய இந்த ஊர்ச் சரக்கு. 1971இல் அதைக் 'கிராக்-பாட்' என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்த ரைவல் நிறுவனம் இந்த ஊரில்தான் இருந்தது. ஆகவே இங்கே குடியிருக்கும் நாங்களும் ஞாயிற்றுக்கிழமை அந்தப் பானையில் ரிப்ஸ், அதாவது பன்றியின் விலா எலும்புக் கறி, போடப் பழகிவிட்டோம்.

எனக்கும் சர்க்கரை நோய், எங்களோடு வந்து தங்கும் மாமனாருக்கும் சர்க்கரை நோய். கடைச் சாஸ் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தால், இரண்டு மேசைக்கரண்டிக்கு 12 முதல் 16 கிராம் வரை சர்க்கரை. ரிப்ஸ் சாப்பிடுகிறவர் யாரும் இரண்டு கரண்டியோடு நிற்பதில்லை. அதனால் சாஸில் சர்க்கரைக்குப் பதில் என்ன போடுவது என்று ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தோம். இப்போது எங்கள் வீட்டில் அலுலோஸ் என்ற மாற்று இனிப்பு நிலைத்துவிட்டது. அதன் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன், தெரிந்தே படியுங்கள்.

ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும். ஸ்லோ குக்கரில் 'லோ' வைத்தாலும் 'ஹை' வைத்தாலும் கடைசியில் சூடு போய் நிற்பது ஏறக்குறைய ஒரே இடத்தில்தான், கொதிநிலைக்குச் சற்றுக் கீழே, 209 டிகிரி பாரன்ஹீட் வாக்கில். அங்கே போய்ச் சேர எடுக்கும் நேரம்தான் வேறு. மூடி போட்ட பானைக்குள் முழுக்க ஈரம். இறைச்சியின் மேல்தோல் சிவந்து பொரிய 280 டிகிரிக்கு மேலாவது வேண்டும், ஈரமும் வற்ற வேண்டும். பானைக்குள் இரண்டுமே நடக்காது. அங்கே நடப்பது ஒன்றே ஒன்று: எலும்பைச் சுற்றியுள்ள கொலாஜன் என்ற நார்ப்புரதம் மெல்ல உருகி ஜெலட்டின் ஆவது. அதற்கு நேரம்தான் வேண்டும், சர்க்கரை வேண்டாம். அமெரிக்கச் சமையல் குறிப்புகள் உலர் மசாலாவில் கால் கோப்பை பிரவுன் சுகர் போடச் சொல்வது புகைக்கூண்டில் வாட்டுகிறவர்களுக்குப் பொருந்தும். ஸ்லோ குக்கரில் அது கரைந்து அடியில் தேங்கும், அவ்வளவுதான். மசாலாவில் இனிப்பை மொத்தமாக எடுத்துவிடுங்கள். யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

இனிப்புக்கு வேலை வருவது கடைசி ஐந்து நிமிடத்தில், ஓவனில் மேலிருந்து சுடும் பிராய்லருக்குக் கீழே. எதை வாங்குவது என்பதை அந்த ஐந்து நிமிடமும் மறுநாள் காலை ஃப்ரிட்ஜும்தான் முடிவு செய்ய வேண்டும். பாக்கெட்டின் முன்பக்கத்தில் உள்ள வாசகங்கள் எதற்கும் உதவாது.

செய்முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான், விரைவாகச் சொல்லிவிடுகிறேன். பேபி பேக் ரிப்ஸ், எலும்புப் பக்கத்து வெள்ளைச் சவ்வை உரித்துவிட வேண்டும். வெண்ணெய்க் கத்தியின் முனையால் ஒரு ஓரத்தைக் கிளப்பி, வழுக்காமல் இருக்கப் பேப்பர் டவலால் பிடித்து இழுத்தால் ஒரே இழுப்பில் வந்துவிடும். உப்பு, மிளகு, புகையூட்டிய பாப்ரிகா, பூண்டுத்தூள், கொஞ்சம் சீரகத்தூள். பானையின் சுவரை ஒட்டி ரிப்ஸை நிற்க வைத்து, சதைப் பக்கம் வெளியே பார்க்க வளையுங்கள். அடியில் அரைக் கோப்பை ஆப்பிள் சிடர் வினிகர் போதும், தண்ணீரை இறைச்சியே விடும். 'லோ'வில் ஆறு, ஏழு மணி நேரம். உறைந்த இறைச்சியை அப்படியே போடாதீர்கள். சூடேறும் வரை ஆபத்தான வெப்பநிலையில் வெகுநேரம் கிடக்கும். சாஸை இப்போது ஊற்ற வேண்டாம். எந்த இனிப்பைப் போட்டாலும் இறைச்சி விடும் நீரில் அது ரசமாகிவிடும்.

இனி ஒவ்வொன்றாக.

முதலில் எரித்ரிட்டால், எல்லாக் கடையிலும் கிடைப்பது. 'மங்க் ஃப்ரூட்' என்று பெரிய எழுத்தில் போட்டு விற்கும் பாக்கெட்டுகளும் பெரும்பாலும் இதேதான், பின்பக்கத்தைப் படியுங்கள். மங்க் ஃப்ரூட் சாறு சர்க்கரையைவிட நூறு மடங்குக்கு மேல் இனிப்பது. கரண்டியால் அளக்க வசதியாக எரித்ரிட்டாலில் துளியளவு கலந்து விற்கிறார்கள். கலோரி கிட்டத்தட்ட இல்லை, ரத்தச் சர்க்கரையை ஏற்றுவதில்லை. அடுப்பில் சாஸ் கொதிக்கும்போது ருசி பார்த்தால் குறையே சொல்ல முடியாது.

தட்டுக்கு வந்தபின் கதை வேறு. எரித்ரிட்டால் ஒரு சர்க்கரை ஆல்கஹால் (பெயர்தான் அப்படி, சாராயம் அல்ல). அமினோ அமிலங்களோடு சேர்ந்து சிவக்கும் வேலை அதற்கு வராது. பிராய்லருக்குக் கீழே சாஸ் காய்கிறது, ஓரம் கருகுகிறது, ஆனால் அந்தப் பிசுபிசுத்த செம்பழுப்பு மினுக்கம் வரவே வராது. இன்னொன்று, அது கரையும்போது சுற்றியுள்ள சூட்டை உறிஞ்சும். வாயில் உறைந்த துகள் கரைந்தால் நாக்கு சில்லிடும். மிட்டாயில் அது பரவாயில்லை. புகை வாசமும் மிளகுக் காரமுமாக இருக்கும் பன்றிக்கறியில்? மாமனார் நாகர்கோவில் பக்கத்துக்காரர், பன்றிக்கறி அவருக்குப் புதிதல்ல. ஒரு கடி கடித்துவிட்டுக் கேட்டார்: "மாப்பிள்ளே, இதுல என்ன, புதினாத் தைலம் ஏதும் தடவுனீங்களா?"

மறுநாள் ஃப்ரிட்ஜைத் திறந்தால் இன்னும் மோசம். எரித்ரிட்டால் குளிர்ந்த நீரில் அதிகம் கரைந்து நிற்காது. சூட்டில் கரைந்த அளவுக்கு மேல் உள்ளதெல்லாம் குளிரில் பிரிந்து படிகமாகிவிடும். மிச்சமிருந்த சாஸைக் கரண்டியால் கிளறினால் அடியில் நறநறவென்று கேட்டது. ரிப்ஸின் மேல் சாஸ் காய்ந்த இடங்களில் உப்புப் பூத்தது போல வெள்ளைப் புள்ளிகள். மைக்ரோவேவில் சூடாக்கினால் மறையும், தட்டில் ஆறினால் மறுபடி தலைகாட்டும். ரிப்ஸ் இரண்டு நாளைக்குச் சேர்த்துச் செய்கிற பண்டம். மறுநாள் வாயில் வைக்க முடியாத சாஸ் எனக்கு வேண்டாம்.

அலுலோஸ் இந்த இரண்டு இடத்திலும் தேறிவிடுகிறது. காரணம் எளிது, அது உண்மையிலேயே ஒரு சர்க்கரை. ஃப்ரக்டோஸின் உடன்பிறப்பு, மூலக்கூறில் ஒரே ஒரு மூலையில் மட்டும் அமைப்பு மாறியிருக்கும். அத்தியிலும் உலர்திராட்சையிலும் இயற்கையாகவே துளித்துளி உண்டு. உடம்பு அதை உறிஞ்சினாலும் எரிபொருளாக்கத் தெரியாமல் பெரும்பகுதியைச் சிறுநீரில் வெளியேற்றிவிடுகிறது. அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அதற்குக் கிராமுக்கு 0.4 கலோரி என்று கணக்கு வைத்து, லேபிளில் 'மொத்தச் சர்க்கரை', 'சேர்த்த சர்க்கரை' இரண்டிலிருந்தும் விலக்கிக்கொள்ளலாம் என்று 2019இல் வழிகாட்டியது. மொத்தக் கார்போஹைட்ரேட் கணக்கில் மட்டும் அது இன்னும் வரும். லேபிளைப் பார்த்துப் பதறுகிறவர்கள் இதை நினைவில் வையுங்கள்.

சர்க்கரை என்பதால் அது சிவக்கும், அதுவும் வெள்ளைச் சர்க்கரையைவிடக் குறைந்த சூட்டிலேயே. நான் செய்கிற சாஸ் இது: தக்காளிப் பேஸ்ட் சின்ன டின் ஒன்று (170 கிராம்), ஆப்பிள் சிடர் வினிகர் அரைக் கோப்பைக்குக் கொஞ்சம் குறைவு, அலுலோஸ் மூன்றில் ஒரு கோப்பை, கடுகுப் பேஸ்ட் ஒரு கரண்டி, சோயா சாஸ், புகையூட்டிய பாப்ரிகா, ஒரு சிட்டிகை இன்ஸ்டன்ட் காப்பித்தூள். மொலாசஸ் தரும் அந்த அடிக்கசப்புக்கு நான் கண்ட மாற்று காப்பித்தூள்தான். பானையில் இறைச்சி விட்ட சாற்றில் கொழுப்பை வழித்தெடுத்துவிட்டு ஒரு கோப்பை இதில் ஊற்றி, கரண்டியின் முதுகில் படியும் வரை வற்றவிட வேண்டும்.

ரிப்ஸைப் பானையிலிருந்து தூக்கும்போது அப்படியே உதிரும் பதத்தில் இருக்கும், இரண்டு கரண்டி வேண்டும். தாள் விரித்த தட்டில் சதைப் பக்கம் மேலாக வைத்து, ஈரத்தை ஒற்றி எடுத்து, சாஸை மெல்லிசாகத் தடவிப் பிராய்லருக்குக் கீழே வையுங்கள். முதல் ஒரு நிமிடம் ஒன்றும் நடக்காதது போல இருக்கும். பிறகு ஓரங்களில் சின்னச் சின்னக் குமிழ், குமிழ் உடைந்த இடம் கருஞ்சிவப்பு. எடுத்து இன்னொரு பூச்சு, மறுபடி உள்ளே. கதவை மூடிவிட்டு போனைப் பார்க்கப் போனால் கரி. நன்றாகச் சிவந்ததற்கும் கசப்பதற்கும் நடுவில் அலுலோஸ் அரை நிமிடம்கூடத் தராது. ஓவனின் மேல் அடுக்கில் வைக்காமல் ஓர் அடுக்கு இறக்கி வைப்பது நல்லது. தொட்டால் விரலில் ஒட்டுகிறது. எரித்ரிட்டால் சாஸ் விரலில் பொடியாக உதிரும்.

ஃப்ரிட்ஜில் வைத்தாலும் அது கரைந்தபடியே இருக்கிறது. மறுநாள் சாஸ் கெட்டியாக, ஆனால் வழவழப்பாகக் கரண்டியிலிருந்து வழிகிறது. குளிர்ந்த ரிப்ஸைப் பிய்த்து ரொட்டிக்கு நடுவில் வைத்து என் மகள் பள்ளிக்கு எடுத்துப் போகிறாள். எங்கள் வீட்டில் வழக்கு தீர்ந்தது அங்கேதான்.

குறைகளும் உண்டு. இனிப்பு சர்க்கரையில் 70 சதவீதம்தான், விலை அதிகம், எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை. அளவு மீறினால் வயிறு உப்பும், கலக்கும். ஒரு வேளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.4 கிராம் வரை பெரும்பாலோர் தாங்குகிறார்கள் என்று கொரியாவில் நடந்த ஒரு சோதனை சொல்கிறது. 70 கிலோ ஆளுக்கு 28 கிராம். மேலே சொன்ன சாஸ் முழுவதிலும் அறுபது, எழுபது கிராம்தான், அதை நான்கைந்து பேர் பகிர்கிறோம். அதோடு அலுலோஸ் ஐஸ்கிரீமும் சேர்ந்தால் என்னவாகும் என்பதற்கு நான் பொறுப்பல்ல.

கடையில் விற்கும் 'ஷுகர் ஃப்ரீ' பாட்டில்கள் பெரும்பாலும் சுக்ரலோஸ் என்ற செயற்கை இனிப்பில் ஓடுகின்றன. சர்க்கரையைவிட ஏறக்குறைய 600 மடங்கு இனிப்பு, அதனால் சிட்டிகை போதும். சர்க்கரை விட்டுப்போன கனத்தை மாவும் பசையும் நிரப்பும். சுடச்சுடத் தொட்டுக்கொள்ள நன்றாகவே இருக்கும், பிராய்லரில் மட்டும் பளபளப்பதற்குப் பதில் ஆடை கட்டுகிறது. வாரநாளில், ஆறு மணிக்கு வீடு திரும்பி ஆறரைக்குச் சாப்பிட வேண்டுமென்றால் பாட்டிலைத் திறங்கள், குற்ற உணர்ச்சி வேண்டாம். மால்டிட்டால் என்ற இன்னொரு சர்க்கரை ஆல்கஹால் போட்டதை மட்டும் தவிருங்கள். 'சர்க்கரை இல்லை' என்று போட்டிருந்தாலும் அது ரத்தச் சர்க்கரையை ஓரளவு ஏற்றும்.

இனிப்பே வேண்டாம் என்கிறவர்களுக்குக் கிழக்கு வட கரோலைனாவின் வழி இருக்கிறது: வினிகர், உப்பு, மிளகாய்ச் செதில், மிளகு. தக்காளிகூடக் கிடையாது. நம் நாக்குக்கு அந்தப் புளிப்பும் காரமும் சட்டென்று பிடித்துவிடும், மாமனாருக்குப் பிடித்தது. ஆனால் அங்கே இது முழுப்பன்றியைக் கரியில் வாட்டிக் கொத்திய இறைச்சிக்கான சாஸ். ஸ்லோ குக்கர் ரிப்ஸில் நான் செய்தது குறைவு, மேல்தோல் சிவப்பாக வர என்ன வழி என்று இன்னும் பிடிபடவில்லை.

உடல்நலப் பக்கம் கொஞ்சம். ரத்தத்தில் எரித்ரிட்டால் அதிகம் இருந்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதலாக வந்ததாக 2023இல் கிளீவ்லாண்ட் கிளினிக் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அது தொடர்பைக் காட்டியது, காரணத்தை நிறுவவில்லை. உடம்பே கொஞ்சம் எரித்ரிட்டாலை உண்டாக்கும் என்பதால் விவாதம் நடக்கிறது. அலுலோஸைப் பல ஆண்டுகள் சாப்பிட்டவர்களைப் பின்தொடர்ந்த பெரிய ஆய்வு எதையும் நான் பார்த்ததில்லை. என் மீட்டரில் ரிப்ஸுக்குப் பிறகு எண் பெரிதாக ஏறவில்லை என்பது என் உடம்பின் செய்தி மட்டும். உங்கள் மருத்துவரிடமும் உங்கள் மீட்டரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் சொல்வதும் முழுக்கச் 'சர்க்கரை இல்லாத' சாஸ் அல்ல. எஃப்.டி.ஏ. கணக்கில் அந்தச் சொல்லுக்கு ஒரு பரிமாறலுக்கு அரை கிராமுக்குக் கீழே இருக்க வேண்டும். தக்காளிப் பேஸ்ட் டின்னிலேயே தக்காளியின் சொந்தச் சர்க்கரை 20 கிராம் வாக்கில் இருக்கிறது. கெட்சப்பை வைத்துத் தொடங்கினால் இன்னும் ஏறும், ஒரு மேசைக்கரண்டிக்கு 4 கிராம். வூஸ்டர்ஷயர் சாஸிலும் மொலாசஸ் ஒளிந்திருக்கும். அதில் உள்ள புளியும் மீனும்தான் அதன் ருசிக்கு முக்கியம். அதனால் நான் அதை விட்டுவிட்டு, கோலிக்குண்டு அளவுகூட இல்லாத புளியைக் கரைத்து ஊற்றுகிறேன்.

வீட்டில் நாய் இருந்தால் சைலிட்டால் என்ற மாற்று இனிப்பின் பக்கமே போகாதீர்கள். மனிதருக்கு ஒன்றும் செய்யாத அளவு நாயின் உயிரை எடுத்துவிடும், எலும்பு எப்படியும் மேசைக்குக் கீழேதான் போய்ச் சேரும். இனிப்பு எதுவானாலும் வெந்த எலும்பை நாய்க்குப் போடாமல் இருப்பதே நல்லது, அது சிதறிக் குடலில் குத்தும்.