பேட்டரி போச்சு என்று சொன்னால், முதலில் மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்

பழைய பைக் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து முழுவதும் படியுங்கள். ஒரு மெக்கானிக் ஷாப்பில் சோதிக்காமலே என் தலையில் புது பேட்டரியைக் கட்டினார்கள். பிறகு, மாற்றாத ரெகுலேட்டருக்கும் (பேட்டரிக்குப் போகும் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் பாகம்) காசு வாங்கினார்கள்.

செல்ஃப் திணறியது, ஹார்ன் கம்மியது, இண்டிகேட்டர் மின்னாமல் அப்படியே நின்றது. கடைக்காரர் வோல்ட் பார்க்கும் மீட்டரைக் கையில்கூட எடுக்கவில்லை. “பேட்டரி செத்துப்போச்சு சார், மாத்திடலாம்” என்றார். புதியது போட்டதும் எல்லாம் சரியானது போலத்தான் இருந்தது. இருக்கத்தான் செய்யும். சார்ஜ் ஏற்றிய புது பேட்டரிக்கு வண்டி ஒன்றுமே திருப்பிக் கொடுக்காவிட்டாலும், கையிருப்பை வைத்தே அது கொஞ்ச நாள் ஓட்டிவிடும். ஏமாற்றுகிறவருக்கு அந்த அவகாசம் போதும்.

மறுபடி செல்ஃப் எடுக்கவில்லை. “ரெகுலேட்டர் போயிருக்கும்” என்று வண்டியை வாங்கி வைத்துக்கொண்டு, புதியது மாற்றியதாக பில் கொடுத்தார்கள். அதற்குப் பிறகும் பேட்டரி இறங்கியது. வேறொரு மெக்கானிக் சைடு பேனலைக் கழற்றினார். ரெகுலேட்டர் போல்ட்டில் பழைய துருவும் சேறும் அப்படியே இருந்தன. ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. உண்மையான கோளாறு, இன்ஜின் ஓடும்போது கரண்ட் உண்டாக்கும் மேக்னெட் காயிலிலிருந்து ரெகுலேட்டருக்கு வரும் கப்ளரில் (வயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் இணைப்பில்) இருந்தது. ஒரு பின் கருகி, பிளாஸ்டிக் உருகி ஒட்டியிருந்தது. பின்களை மாற்றியதும் சார்ஜிங் வந்துவிட்டது. பழைய கடையில் போய்க் கேட்டபோது, “அந்த வேலை பார்த்த பையன் இப்ப இல்ல” என்பதுதான் பதில். எனக்கு இன்னும் ஆறவில்லை.

அவர்கள் செய்திருக்க வேண்டிய சோதனைக்குச் சாதாரண மல்டிமீட்டர் போதும். 12 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரி, வண்டி சில மணி நேரம் ஓடாமல் நின்றபின் 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நல்ல சார்ஜில் இருக்கிறது. 12-க்குப் பக்கத்தில் இருந்தால் காலியாகிவிட்டது. சார்ஜ் போட்ட பிறகுதான் மேற்கொண்டு எதையும் முடிவு செய்ய வேண்டும். அடுத்து, இன்ஜினை ஓடவிட்டு மீட்டரை பேட்டரி டெர்மினலிலேயே வையுங்கள். ரேஸ் கொடுத்து 4000, 5000 ஆர்.பி.எம்முக்குக் கொண்டு போனால் பெரும்பாலான வண்டிகளில் 13.5 முதல் 14.5 வோல்ட் வரை வரவேண்டும். ஏறவே இல்லை என்றால் சார்ஜிங் வரவில்லை, எத்தனை பேட்டரி மாற்றினாலும் பயனில்லை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கட்டுப்படுத்தவில்லை. பேட்டரி தண்ணீர் கொதித்து வற்றும், பல்பு அடிக்கடி பியூஸ் போகும்.

சார்ஜிங் வரவில்லை என்றாலும் உடனே எந்தப் பாகத்தையும் வாங்காதீர்கள். முதலில் கப்ளர்களையும், பேட்டரி நெகட்டிவை வண்டியின் பாடியோடு இணைக்கும் எர்த் வயரையும் பாருங்கள். பழைய வண்டியில் துருவும் கருகலும் அங்கேதான் சேரும். அவை நன்றாக இருந்தால் காயிலின் கப்ளரைக் கழற்றுங்கள். மூன்று மஞ்சள் வயர் வருகிற வண்டி என்றால், இன்ஜின் ஓடும்போது இரண்டிரண்டாக ஏசி வோல்ட் பாருங்கள். மூன்று ஜோடியிலும் ஏறக்குறைய ஒரே அளவு வந்து, ரேஸுக்கு ஏற்ப ஏறவேண்டும். இன்ஜினை நிறுத்திவிட்டு, அந்த வயர்களுக்கும் வண்டியின் பாடிக்கும் மின் தொடர்பு இருக்கிறதா என்றும் மீட்டரில் பாருங்கள். இருந்தால் காயில் ஷார்ட். காயிலும் வயரிங்கும் சரியாக இருந்தால்தான் ரெகுலேட்டரைச் சந்தேகிக்க வேண்டும்.

மாற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்காமல் காசு கொடுக்காதீர்கள். வேலைக்கு முன்னும் பின்னும் மீட்டரில் வந்த வோல்ட்டை பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள்.

இன்னொன்று. இன்ஜின் ஓடும்போதே பேட்டரி வயரைக் கழற்றி, “பாருங்க, வண்டி நிக்கல, சார்ஜிங் நல்லாருக்கு” என்று காட்டுபவர்கள் இருக்கிறார்கள். பல பழைய வண்டிகளில் பிளக்குக்கான கரண்ட் மேக்னெட்டில் தனிக் காயிலிலிருந்து வருகிறது. பேட்டரி இல்லாமலும் இன்ஜின் ஓடும், அதனால் அது சார்ஜிங் சோதனையே ஆகாது. போதாக்குறைக்கு, அந்த நேரத்தில் வோல்ட் எகிறி பல்புகளும் எலெக்ட்ரானிக் யூனிட்டுகளும் போகலாம். யாராவது அதற்காக ஸ்பேனரை எடுத்தால், உடனே தடுத்துவிடுங்கள்.