ட்ரம்ப் கார்டிலிருந்து நெட்ஃபிளிக்ஸ் வரை: முப்பது வருடமாக ரெஸ்லிங் பார்ப்பவனின் அனுபவம்

நான் ரெஸ்லிங் பார்க்க ஆரம்பித்தது 1995 வாக்கில், பக்கத்து வீட்டு கேபிள் டிவியில். அமெரிக்காவில் நடந்து பல வாரம் கழித்துத்தான் நமக்கு வரும், ஆனால் அது பழசு என்று எங்கள் யாருக்கும் தெரியாது. வர்ணனையில் ஒரு வரி புரியாது, புரிய வேண்டிய தேவையும் இல்லை. விளக்கு அணைந்து மணிச் சத்தம் கேட்டால் அண்டர்டேக்கர் வருகிறார் என்று அர்த்தம், அவ்வளவு போதும். அவருக்கு ஏழு உயிர் என்று பள்ளிக்கூடமே நம்பியது. மதிய இடைவேளையில் ரெஸ்லர்களின் படமும் விவரமும் அச்சிட்ட ட்ரம்ப் கார்டுக் கட்டைப் பிரித்து வைத்து உயரம், எடை, மார்பளவு, ஜெயித்த சண்டைகள் என்று எண்களைச் சொல்லிச் சொல்லி ஆடுவோம். எடை கேட்டால் யோகோசுனா கார்டு வைத்திருப்பவனை யாரும் அசைக்க முடியாது.

அப்போது அமெரிக்காவில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதைப் பிற்பாடு படித்துத்தான் தெரிந்துகொண்டேன். 1993 ஜனவரியில் டபிள்யூடபிள்யூஇ (அப்போது டபிள்யூடபிள்யூஎஃப்) ஒரு மணி நேர நிகழ்ச்சியாகத் தொடங்கிய 'ரா'வுக்கு எதிராக 1995 செப்டம்பரில் போட்டி நிறுவனமான டபிள்யூசிடபிள்யூ அதே திங்கட்கிழமை இரவில் 'நைட்ரோ'வை இறக்கியது. அதுவும் நேரலையாக. 1996 ஜூலையில் அதுவரை நல்லவனாக வந்த நட்சத்திரம் ஹல்க் ஹோகனை நைட்ரோக்காரர்கள் வில்லனாக்கினார்கள், அதன்பிறகு ஒன்றரை வருடத்துக்கு மேல் பார்வையாளர் எண்ணிக்கையில் நைட்ரோதான் முன்னால். 1999 ஜனவரி 4-ஆம் தேதி கதை எனக்கு ரொம்பப் பிடித்தது. ரா அன்று ஏற்கெனவே பதிவு செய்தது, அதில் மேன்கைண்ட் என்ற ரெஸ்லர் சாம்பியன் பெல்ட் வாங்கப் போகிறார். அதை நைட்ரோவின் வர்ணனையாளர் தன் நேரலையிலேயே கிண்டலாகப் போட்டு உடைத்துவிட்டார். விஷயத்தைக் கேட்ட லட்சக்கணக்கான பேர் மேன்கைண்ட் ஜெயிப்பதைப் பார்க்க உடனே ராவுக்குச் சேனலை மாற்றிவிட்டார்கள். ரிமோட் ஒருவர் கையில், வேலை போகும் பயம் இன்னொருவர் வயிற்றில், அந்தச் சூடுதான் அந்தக் காலம். 2001 மார்ச்சில் ராவின் நிறுவனம் போட்டியாளரான டபிள்யூசிடபிள்யூவையே விலைக்கு வாங்கியதோடு அது முடிந்தது. 2019-ல் ஏஇடபிள்யூ என்ற புதிய போட்டி நிறுவனம் வந்தபோது நிஜமாகவே சந்தோஷப்பட்டேன், ஆனால் பழைய அளவுக்குச் சூடு பிடிக்கவில்லை.

சரி, பழசுதான் உசத்தி என்று சொல்ல வரவில்லை. அந்தக் காலத்து ரா நிகழ்ச்சி ஒன்றை முழுசாகத் திரும்பப் பாருங்கள், பாதி மேட்ச் நாலைந்து நிமிடத்தில் யாரோ நடுவில் ஓடிவந்து கெடுத்து முடியும். இன்று சாதாரண வாரத்திலேயே பதினைந்து, இருபது நிமிட மேட்ச் கிடைக்கிறது, திறமையிலும் இன்றைய ஆட்கள் மேலே. பெண்கள் விஷயத்தில் இன்னும் பெரிய மாற்றம். தொண்ணூறுகளின் கடைசியில் அவர்களை வைத்து காட்டியதை இன்று என் மகளோடு உட்கார்ந்து பார்க்க முடியாது. 2015 பிப்ரவரியில்கூட ராவில் ஒரு பெண்கள் மேட்ச் அரை நிமிடத்தில் முடிந்து ரசிகர்கள் ட்விட்டரில் கொதித்தார்கள். நாலே வருடத்தில், வருடத்தின் மிகப் பெரிய நிகழ்ச்சியான ரெசில்மேனியாவில், 2019-ல், கடைசி மேட்ச்சே பெண்களுடையது. அன்று பெக்கி லிஞ்ச் இரண்டு பெல்ட்டையும் தூக்கிக் காட்டியதை நாங்கள் இருவரும் எழுந்து நின்று பார்த்தோம்.

எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமான மாற்றம் நாற்காலி அடி. 1999-ல் ராயல் ரம்பிள் என்ற பெரிய நிகழ்ச்சியில் மேன்கைண்டின் கைகளைப் பின்னால் விலங்கிட்டுவிட்டு எதிராளி ராக் அவர் தலையில் நாற்காலியால் அடித்தார், பத்து தடவைக்கும் மேல். நான் அப்போது கைதட்டிக்கொண்டிருந்தேன். முன்வரிசையில் மேன்கைண்டின் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் கதறிக்கொண்டிருந்தார்கள் என்பது ரொம்பப் பின்னால்தான் தெரிந்தது. இப்போது அந்த மேட்ச்சை என்னால் பார்க்க முடிவதில்லை. அதே வருடம் மே மாதம் ஓவன் ஹார்ட் என்ற ரெஸ்லர் அரங்கின் கூரையிலிருந்து கயிற்றில் இறங்கும்போது விழுந்து இறந்தார், வயது 34, நிகழ்ச்சியை நிறுத்தவில்லை. மற்றவர்கள் இறந்தபோதும் வயது இவ்வளவுதான்: யோகோசுனா 34, பிரிட்டிஷ் புல்டாக் 39, எடி குரேரோ 38. எங்கள் தலைமுறை கார்டுக் கட்டில் பார்த்த முகங்களில் எத்தனையோ பேர் ஐம்பதைப் பார்க்கவில்லை. எடி இறந்த பிறகு, 2006-ல்தான் ஒழுங்கான மருந்துப் பரிசோதனை வந்தது. 2007-ல் கிறிஸ் பெனுவா என்ற ரெஸ்லர் மனைவியையும் மகனையும் கொன்று தானும் இறந்தார், அவர் மூளையைச் சோதித்தபோது கடுமையான சேதம் தெரிந்தது. தலையில் நாற்காலியால் அடிப்பதை 2010-ல் தடை செய்தார்கள். "இப்பல்லாம் ரத்தமே இல்ல, சப்புனு இருக்கு" என்று நண்பர்கள் சொல்லும்போது எனக்குக் கோபமே வரும்.

குறை இல்லாமல் இல்லை. 2012-ல் ராவை மூன்று மணி நேரமாக்கினார்கள், பத்து வருடத்துக்கு மேல் அப்படியே இழுத்தார்கள், அவ்வளவு நேரத்துக்குக் கதை யாரிடமும் கிடையாது. ரிங்கின் நடுவிலேயே விளம்பரம் ஒட்டுகிறார்கள். அப்புறம் அந்த மைக் பேச்சு. 1996-ல் ஸ்டீவ் ஆஸ்டின் 'ஆஸ்டின் 3:16' என்றது யாரும் எழுதிக் கொடுத்தது இல்லை. கொஞ்ச நேரம் முன்பு எதிராளி பைபிள் வசனம் சொன்னதைக் கேள்விப்பட்டு அந்த இடத்திலேயே வந்தது. பிற்பாடு வரிக்கு வரி எழுதிக் கொடுத்து மனப்பாடமாக ஒப்பிக்கவைத்தார்கள், பல நல்ல ஆட்கள் அதில் வீணாகப் போனார்கள். இப்போது கொஞ்சம் தளர்த்தியிருப்பது தெரிகிறது. அடிக்கு ஒரு தடவை கேமரா மாறி கண்ணை வலிக்கவைக்கும் பழக்கமும் 2024-லிருந்து குறைந்திருக்கிறது.

இப்போது நான் பார்க்கும் விதம் இதுதான்: பெரிய நிகழ்ச்சிகளை முழுசாக, வாராந்தர ராவை நெட்ஃபிளிக்ஸில் பிடித்த மேட்ச் மட்டும். புதிதாகப் பார்க்க வருபவர்கள் 1997 ரெசில்மேனியாவில் பிரெட் ஹார்ட் – ஸ்டீவ் ஆஸ்டின் மேட்ச்சில் ஆரம்பிக்கலாம், நல்லவனும் வில்லனும் ஒரே மேட்ச்சில் இடம் மாறுவார்கள். அடுத்து 2015 ஆகஸ்டில் புரூக்லினில் நடந்த பெய்லி – சாஷா பேங்க்ஸ் பெண்கள் மேட்ச். இரண்டையும் ஒரே நாளில் பாருங்கள்.