புள்ளிக்கும் கணக்கு உண்டு

ரெண்டு வாரம் முன்பு சனிக்கிழமை தமிழ் வகுப்பு முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து வரும் அக்கா கைபேசியோடு பக்கத்தில் வந்து நின்றார். "தம்பி, இந்த எக்ஸுல நான் சேரட்டுமா, வேணாமா? என் பேத்தி வேற ஏதோ ப்ளூஸ்கைன்னு சொல்றா." அக்கா ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனிலேயே பிறந்து வளர்ந்தவர். பாட்டியிடம் கேட்ட பேச்சுத் தமிழ் நாக்கில் இருக்கிறது, எழுத்து இப்போதுதான் கைக்கு வருகிறது. "யோசிச்சு அடுத்த வாரம் சொல்றேன்கா" என்று தப்பித்துவிட்டேன். 2011-ல், எக்ஸ் இன்னும் ட்விட்டராக இருந்தபோதே, ஐடி தொடங்கி 14 வருடமாகத் தினமும் அங்கேயே கிடக்கிறவனுக்கு உடனே ஒரு பதில் வரவில்லையே என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் உறுத்தல். அதனால்தான் இது.

ஃபாலோ, ஆர்டி (அடுத்தவர் பதிவை மறுபகிர்வது), ஹேஷ்டேக் (# போட்ட தலைப்புச் சொல்) எல்லாம் உங்களுக்குத் தெரியும். நேராக என் வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன்.

எழுதும் பெட்டிக்குக் கீழே ஒரு சின்ன வட்டம் இருக்கும். எழுத எழுத நிரம்பும். 20 மிச்சம் இருக்கும்போது மஞ்சள், தாண்டினால் சிவப்பு. மொத்தம் 280 இடம். 'தண்ணீர்' நாலு எழுத்துதானே? வட்டத்தின் கணக்கில் ஏழு. 'சாட்ஸ்வொர்த்' ஆறு எழுத்து, அங்கே 12. கணினிகள் எழுத்துகளைச் சேமிக்கும் பொது முறையான யூனிகோடு நம் எழுத்தை வைத்திருக்கும் விதம் அப்படி. ண ஒன்று, அதன் தலையில் உட்கார்ந்திருக்கும் புள்ளி இன்னொன்று. துணைக்கால், கொம்பு, சுழி எல்லாம் தனித்தனி ஆள். ஒன்றாம் வகுப்பிலிருந்து 'ணீ' ஓர் எழுத்து என்று படித்தவனிடம் வந்து ரெண்டு பேருக்கு டிக்கெட் எடு என்றால் எப்படி இருக்கும்?

இதில் கேவலம் என்னவென்றால், சனிக்கிழமை காலையில் வல்லினம் மிகும் இடம் நடத்துவது நான். 'தண்ணீர்ப் பிரச்சினை', நடுவில் ப் வரும், விடாதீர்கள் என்று பலகையில் எழுதி அடிக்கோடு போடுவேன். அன்று சாயங்காலமே பதிவு எழுதும்போது அந்த ப்-ஐ அழிப்பேன். ப ஒன்று, புள்ளி ஒன்று, ஆக ரெண்டு மிச்சம். ஒரு பதிவில் அஞ்சு ஒற்றெழுத்தைக் காவு கொடுத்தால் 10 கிடைக்கும், ஒரு வார்த்தை உள்ளே வந்துவிடும். பேத்தியின் போனில் என் பதிவைப் பார்த்துவிட்டு அக்கா ஒருநாள் வகுப்பிலேயே கேட்டுவிட்டார்: "போர்டுல போட்டது உன் போஸ்ட்டுல இல்லையே தம்பி." பத்துப் பேர் முன்னால். சிரித்து மழுப்பினேன்.

இந்த எல்லையே எஸ்எம்எஸ் காலத்து மிச்சம். 2006-ல் ட்விட்டர் ஆரம்பித்தபோது குறுஞ்செய்தி வழியாகவும் ஓடியது. குறுஞ்செய்திக்கு 160 இடம், அதில் 20 பெயருக்குப் போக 140. அதுவும் ஆங்கிலக் கணக்கு. தமிழில் எஸ்எம்எஸ் அனுப்பினால் 70-தான் கொள்ளும். ஆக நமக்கு இது பழகின கதைதான். 140 காலத்தில் தமிழ்க் கீச்சர்கள் (ட்விட்டரில் எழுதுபவர்கள்) ட்விட்லாங்கர் என்ற வெளித்தளத்தில் நீட்டி எழுதி, அதன் சுட்டியை மட்டும் இங்கே போட்டுப் பிழைத்தார்கள். 2017 நவம்பரில் 280 வந்தது. ஆங்கிலப் பதிவுகளில் 9 சதவீதம் எல்லையில் போய் முட்டுகின்றன, ஜப்பானிய மொழியில் 0.4 சதவீதம்தான் என்று அதற்குக் கணக்குச் சொன்னார்கள். சீனம், ஜப்பானியம், கொரியனுக்கு எழுத்துக்கு ரெண்டு என்று வைத்துப் பழைய 140-லேயே நிறுத்திவிட்டார்கள்.

சரி, நியாயமும் பேச வேண்டும். ஒருநாள் கோபத்தில் பேப்பர் பேனாவோடு உட்கார்ந்து எண்ணினேன். 'மரம்' தமிழில் எழுதினால் நாலு. ஆங்கில எழுத்தில் எழுதினால் அஞ்சு. 'தண்ணீர்' நமக்கு ஏழு, ஆங்கில எழுத்தில் எட்டு. நமக்கு அகரம் இலவசமாக மெய்யோடு ஒட்டிக்கொண்டு வருகிறதே, அந்த லாபம். அந்தப் பேப்பரைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

கிழிக்கும் முன் இன்னொன்றும் எண்ணியிருந்தேன். 'வந்துகொண்டிருக்கிறார்கள்', ஒரே சொல், 24. அதையே 'வர்றாங்க' என்றால் எட்டு. அங்கே தமிழ் முழுக்கப் பேச்சுத் தமிழாக ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்றுதான் எனக்குப் படுகிறது. மதுரைக்காரர் மதுரைத் தமிழில் திட்டுகிறார், நாகர்கோவில்காரர் அவர் பாஷையில் பதில் சொல்கிறார், நான் இங்கே கப்பல் முகவர் அலுவலகத்தில் சரக்குப் பத்திரத்துக்கு நடுவே அதைப் படித்து வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறேன். இடமில்லை என்பதால் யாரும் முன்னுரை போடுவதில்லை. வேறெங்கும் எனக்கு இந்த ருசி கிடைத்ததில்லை.

காசு கட்டினால் 25,000 வரை எழுதலாம். ஒரு மாதம் கட்டிப் பார்த்தேன். ஒற்றெல்லாம் போட்டு, 'என்பதாகவும்', 'இருப்பினும்' எல்லாம் போட்டு எழுதினேன். 280-க்கு மேல் பதிவு மடிந்துகொள்ளும், தட்டித்தான் விரிக்க வேண்டும். யாரும் தட்டவில்லை. யோசித்துப் பார்த்தால் நானும் யாருடையதையும் தட்டியதில்லை.

அக்கா கேட்டது புள்ளியைப் பற்றி இல்லை. எதற்கு இது என்பதுதான் அவர் கேள்வி. அதற்கு 2022 ஏப்ரல் 11 ராத்திரியைத்தான் சொல்ல வேண்டும்.

அன்று டர்பனில் பெய்த மழையை இங்கே இருந்தவர்களுக்கு விவரிக்கத் தேவையில்லை. 400-க்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள். நான் இருப்பது டர்பனின் தெற்கே இசிபிங்கோவில். வாட்ஸப்பில் நாலு குழு, நாலிலும் ஒரே வீடியோ. எந்த ஊர், எப்போது எடுத்தது, ஒன்றும் தெரியாது. குரல் பதிவாக ஒருவர் அழுகிறார், யாரென்று தெரியவில்லை. ட்விட்டரில் 'பேஹெட்' என்று தேடி, புதியது முதலில் வரும்படி வைத்தேன். பேஹெட் சாலை துறைமுகத்துக்கு எங்கள் வாசல். முன்பின் தெரியாத ஒரு லாரிக்காரர் சாலை அரித்துப்போன படத்தைப் போட்டிருந்தார். கீழே இன்னொருவர், தெற்கே ப்ராஸ்பெக்டன் பக்கம் கன்டெய்னர்கள் மிதந்து வந்து நெடுஞ்சாலையில் கிடப்பதைப் போட்டிருந்தார். மேலே மணியும் நிமிடமும் இருந்தது. காலையில் வண்டியை எடுக்கவில்லை.

இவர்கள் யாரும் எனக்கு நண்பர்கள் இல்லை. அவர்கள் என்னை ஏற்க வேண்டியதும் இல்லை, நான் ஃபாலோ பண்ணியிருக்க வேண்டியதும் இல்லை. வாட்ஸப் கல்யாண மண்டபம், பத்திரிகை வந்தவனுக்குத்தான் இடம். ட்விட்டர் எங்கள் டர்பனின் வார்விக் சந்தை. சத்தம், நெரிசல், பிக்பாக்கெட் எல்லாம் உண்டு. ஆனால் எந்தப் பஸ் வரவில்லை என்று அங்கேதான் முதலில் தெரியும். 2015-ல் கல்விக் கட்டண உயர்வை எதிர்த்து மாணவர்கள் கிளம்பியபோது ஒரே ஒரு ஹேஷ்டேக்கில் இந்த நாடு முழுக்கத் திரண்டதும் இந்த வழியில்தான். 2023-ல் லோட் ஷெட்டிங் என்கிற மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது சோறு வடிக்கும் முன் நாங்கள் பார்த்ததும் இதைத்தான்.

(வாட்ஸப்புக்கும் ஒரு வார்த்தை நியாயமாக. அந்த வெள்ளத்தில் டோங்காட் பக்கம் பண்ணையிலிருந்து 12 முதலை தப்பிவிட்டது என்று ஒரு ஃபார்வர்டு வந்தது. புளுகு என்று குழுவிலேயே கிண்டலடித்தேன். நிஜம்.)

அப்புறம் ட்விட்டர் கைமாறியது. 2022 அக்டோபரில் 4,400 கோடி டாலருக்கு வாங்கிய ஈலான் மஸ்க் நம்ம பிரிட்டோரியாவில் பிறந்தவர்தான், அதில் பெருமைப்படுவதா வேண்டாமா என்று இந்த ஊரில் இன்னும் முடிவாகவில்லை. 2023-ல் பழைய நீல டிக்குகளைப் பறித்தார்கள், இனிமேல் காசுக்குத்தான் என்று ஆனது. முன்பெல்லாம் டிக்கைப் பார்த்தால் அந்த அலுவலகமே பேசுகிறது என்று நம்பலாம். இப்போது நீல டிக் இருந்தால் பெரும்பாலும் மாதச் சந்தா கட்டியிருக்கிறார் என்றுதான் அர்த்தம். அதே வருடம் உள்நுழையாமல் பார்ப்பதற்கும் கதவைச் சாத்தினார்கள், பிறகு கொஞ்சம் திறந்தார்கள். கணக்கில்லாத அக்கா மாதிரி ஆட்கள் பேத்தியின் போனுக்குக் காத்திருக்க வேண்டியதாயிற்று. செயலியைத் திறந்ததும் வருவது நேற்றைய சண்டையா, இன்றைய செய்தியா என்று பார்த்த உடனே சொல்ல முடியாது. நாம் பின்தொடர்பவர்களின் பதிவுகள் உள்ள பக்கத்துக்கு நாமாகப் போக வேண்டும்.

ப்ளூஸ்கை? 2024 பிப்ரவரியில் எல்லோருக்கும் திறந்ததுமே சேர்ந்தேன். அங்கே எல்லை 300, எண்ணுவது கண்ணுக்குத் தெரியும் எழுத்தை. 'தண்ணீர்' அங்கே நாலேதான்! முதல் நாள் ஒற்றெல்லாம் மிக மிகப் போட்டு எழுதினேன், அப்படி ஒரு நிம்மதி. மாஸ்டடான் என்கிற இன்னொரு தளத்தில் 500 கிடைக்கிறது, அதுவும் நல்ல இடம்தான். ஆனால் இரண்டிலும் 'இசிபிங்கோ' என்று தேடினால் என் பதிவுதான் வருகிறது. குழாயில் தண்ணீர் நின்றால் நானே கத்தி நானே கேட்டுக்கொள்ள வேண்டும். ஊரோடு கிளம்பி வந்தால் நான் இன்றைக்கே மாறுவேன். ஊரும் எனக்காகக் காத்திருக்கிறதோ என்னவோ.

ஆக, முடிவாக: அக்கா, சேராதீர்கள். சத்தம் அதிகம், வசவு அதிகம், இந்த வயதில் உங்களுக்கு எதற்கு. இதைத்தான் போன சனிக்கிழமை சொன்னேன். சொல்லும்போது என் கையில் அதுதான் திறந்திருந்தது.

"அட போ தம்பி, புதன்கிழமையே சேர்ந்துட்டேன்" என்றார். அவர் தெருவில் மூணு நாளாகத் தண்ணீர் இல்லையாம். சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்குப் போன் போட்டுப் புகார் எண் வாங்கியதோடு சரி. தெருப் பெயரைப் போட்டு ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார். ரெண்டு தெரு தள்ளி இருக்கும் யாரோ ஒருவர், டேங்கர் எந்த மூலையில் நிற்கிறது என்று பத்து நிமிடத்தில் பதில் போட்டிருக்கிறார். ரெண்டு வாளியோடு போய்ப் பிடித்து வந்தாராம். மறுநாள் குழாயிலும் வந்துவிட்டது. அதற்குக் கீழே தமிழில் ஒரு வரி சேர்த்திருந்தார். போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

'தண்ணீர்ப் பிரச்சினை தீர்ந்துச்சு.'

"ப் போட்டிருக்கேன், பார்த்தியா?" என்றார்.