சின்ன வெங்காயமா, மக்காச்சோளமா?

பெரம்பலூர் பக்கம் புரட்டாசிப் பட்டம் (விதைப்புப் பருவம்) வந்தாலே இந்தக் கேள்விதான்.

செலவு: வெங்காயத்துக்கு ஏக்கருக்கு ஏறக்குறைய 600 கிலோ விதைக்காய் (நடுவதற்கான வெங்காயம்) வேண்டும். போன முறை விலை ஏறியிருந்தால் விதைக்காயும் அதே விலைதான், நடும்போதே கடன். மக்காச்சோளத்துக்கு 8 கிலோ விதை போதும், ஆனால் உரம் நிறையத் தின்னும்.

அறுவடைக்கு ஆகும் நாள்: வெங்காயம் 65 முதல் 75. மக்காச்சோளம் 100க்கு மேல்.

மழை: ஐப்பசி, கார்த்திகையில் நாலு நாள் விடாமல் பெய்தால் வெங்காயத்தில் திருகல் நோயும் அழுகலும் வரும். மக்காச்சோளம் ஓரளவு தாங்கும், தண்ணீர் மட்டும் தேங்கக் கூடாது. அதற்கு எதிரி 2018இல் இந்தியாவுக்குள் வந்த படைப்புழு. மருந்துச் செலவு அதிலிருந்துதான் கூடியது.

விலை: இதில்தான் எல்லாரும் ஏமாறுகிறோம். 2019 டிசம்பரில் சின்ன வெங்காயம் சில்லறையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. காரணமே மழையில் பயிர் போனதுதான். அப்படியென்றால் விற்கக் காய் யாரிடம் இருந்தது? விலையைப் பார்த்து எல்லாரும் நட்டால் அடுத்த அறுவடையில் பறிகூலிகூடத் தேறாது. வெங்காயத்துக்கு அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலையும் கிடையாது. மக்காச்சோளத்துக்கு உண்டு (2024-25இல் குவிண்டாலுக்கு 2,225 ரூபாய்), ஆனாலும் நிஜ விலையை நாமக்கல் கோழித்தீவனத் தேவைதான் முடிவு செய்கிறது.

வடிகால் உள்ள நிலம், காயவைத்துப் பட்டறை (வெங்காயத்தைச் சேமிக்கும் அமைப்பு) போட்டுச் சில மாதம் காத்திருக்கக் கையில் காசு, இரண்டும் இருந்தால் வெங்காயம். கடன்காரன் அறுவடையன்றே வாசலில் நிற்பான் என்றால் மக்காச்சோளம். என்னைக் கேட்டால், அரை ஏக்கருக்கு மேல் வெங்காயம் வைக்க மாட்டேன்.