பெண் பிள்ளை முந்துவாள், பையன் பின்னால் வருவான்: வளரிளம் பருவ உயரம்

எந்தப் பள்ளியிலும் ஏழாம் வகுப்பு குரூப் போட்டோவைப் பாருங்கள். பையன்களைவிட உயரமான பெண் பிள்ளைகள் சிலராவது இருப்பார்கள். பெண்களுக்குப் பருவமாற்றம் 8 முதல் 13 வயதுக்குள் தொடங்குகிறது. பையன்களுக்கு 9 முதல் 14.

பெண்கள் 12 வயதையொட்டி ஆண்டுக்குச் சுமார் 8 செ.மீ. வளர்வார்கள். பூப்பெய்தும்போது அந்த வேகம் தணியத் தொடங்கியிருக்கும், ஆனால் நின்றுவிடாது. "வயசுக்கு வந்துட்டா, இனி வளரமாட்டா" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். இன்னும் 5 முதல் 7 செ.மீ. ஏறலாம்.

பையன்களின் உச்சவேகம் 14 வயதையொட்டி, ஆண்டுக்கு 9, 10 செ.மீ. வரை. முதலில் பாதம் நீளும், வாங்கிய ஷூ சில மாதங்களிலேயே கடிக்கும். அப்புறம் கால், கடைசியில்தான் உடம்பு. தாமதமாகத் தொடங்குவதால் கிடைக்கும் கூடுதல் இரண்டு வருட வளர்ச்சியும் இந்த வேகமும் சேர்ந்து, பெரியவர்களானதும் சராசரியாக 13 செ.மீ. வித்தியாசம் வருகிறது.

எலும்பு முனையிலுள்ள வளர்ச்சித் தட்டு மூடினால் உயரம் கூடுவது நின்றுவிடும். அதை மூடவைப்பது, பெண் ஹார்மோன் என்று நாம் நினைக்கும் ஈஸ்ட்ரோஜன்தான், இருபாலருக்கும். எனக்கு இதுதான் பெரிய வியப்பு. 1994-ல் மருத்துவ இதழில் வெளியான ஓர் ஆணின் விவரம் அதை உறுதிசெய்தது: அவர் உடலில் ஈஸ்ட்ரோஜனை உணரும் ஏற்பி வேலை செய்யவில்லை. 28 வயது, 204 செ.மீ. உயரம், அப்போதும் வளர்ந்துகொண்டிருந்தார்.

பெண்ணுக்கு 8 வயதுக்கு முன்போ பையனுக்கு 9 வயதுக்கு முன்போ பருவமாற்ற அறிகுறி தெரிந்தாலும், முறையே 13, 14 தாண்டியும் தெரியாவிட்டாலும், குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.